பிடிக்கவும் விடவும்

சர்ஃபேஸ் கிரைண்டிங் மெஷினில் நின்றவர்களுக்கு மேக்னடிக் சக்கைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மெஷினின் டேபிள்மீது செவ்வகமாக ஒரு கனத்த இரும்புப் பெட்டி இருக்கும். அதன் மேல்தட்டில் எஃகுப் பட்டையும் பித்தளைப் பட்டையும் மாறி மாறி வரிவரியாகத் தெரியும். பக்கத்தில் கீ சொருக ஒரு துளை. தேய்க்க வேண்டிய ஜாப்பைத் தட்டின்மேல் வைத்து, கீயைச் சொருகி அரைவட்டம் திருப்பினால் ஜாப் அங்கேயே உட்கார்ந்துவிடும். போல்ட் கிடையாது, கிளாம்ப் கிடையாது, வைஸ் கிடையாது. மேல்பக்கம் முழுவதும் கிரைண்டிங் வீலுக்குத் திறந்திருக்கும். வேலை முடிந்ததும் கீயைத் திருப்பினால் ஜாப் கையோடு வந்துவிடும்.

1980-களின் தொடக்கத்தில் கோவை கணபதியில் ஒரு டூல்ரூமில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். ஐ.டி.ஐ.யில் காந்தம் என்று படித்தது சட்டக் காந்தம், இரும்புத் தூள், வடதுருவம், தென்துருவம், அவ்வளவுதான். டூல்ரூமில் என் கைக்கு வந்த சக்குக்குக் கரன்ட் இணைப்பே இல்லை. உள்ளே நிரந்தரக் காந்தங்கள். கீயைத் திருப்பும்போது காந்தம் உண்டாவதும் இல்லை, அழிவதும் இல்லை. உள்ளிருக்கும் காந்தங்கள் கொஞ்சம் நகர்கின்றன. ஒரு நிலையில் காந்தப்புலம் ஓர் எஃகுப் பட்டை வழியாக மேலேறி, ஜாப்புக்குள் புகுந்து, அடுத்த பட்டை வழியாக இறங்குகிறது. மறுநிலையில் பெட்டிக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடுகிறது. நடுவிலுள்ள பித்தளை, புலம் குறுக்கே பாய்ந்துவிடாமல் மறித்து நிற்கிறது. இதை எங்கள் ஃபோர்மேன் ஒரு பழைய சக்கைப் பிரித்துப் போட்டுக் காட்டினார். அவர் பள்ளிப்படிப்பை முடிக்காதவர். ஆனால் புலம் எந்த வழியாகப் போகும் என்பதை விரலால் கோடு போட்டுக் காட்டுவார்.

"தம்பி, சக்கு புடிச்சுதா இல்லியான்னு கையில தள்ளிப் பார்த்துட்டுத்தான் வீல எறக்கோணும்" என்பார். நிமிடத்துக்கு 2,800 சுற்றுச் சுற்றும் வீலின் முன்னால் சரியாகப் பிடிக்காத ஜாப் இருந்தால் அது பறக்கும். சின்ன ஜாப் என்றால் இரண்டு பட்டைகளுக்கு மேலாவது படியும்படி வைத்து, சுற்றிலும் தடுப்புக் கட்டைகள் கொடுக்க வேண்டும். ஒரே பட்டைமேல் நின்றால் புலம் ஏறும், இறங்க வழியிராது, பிடிமானமும் இராது.

ஆனால் அவரிடம் நான் கற்ற பெரிய பாடம், பிடிப்பதைப் பற்றியது அல்ல. ஹார்டனிங் முடிந்து மூன்று மில்லிமீட்டர் தடிமனில் ஒரு தட்டு வந்திருந்தது. சூட்டில் லேசாக வளைந்து, அப்பளத்தின் விளிம்பு மாதிரி ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. சக்கில் வைத்துக் கீயை முழுக்கத் திருப்பினால் காந்தம் அதை இழுத்துச் சப்பென்று படுக்க வைத்துவிடும். தேய்த்தால் கண்ணாடி போல மட்டமாகவும் வரும். கீயை விட்ட மறுகணம் தட்டு தன் பழைய வளைவுக்கே திரும்பிவிடும். தேய்த்ததெல்லாம் வீண். ஃபோர்மேன் அந்தத் தட்டை முதலில் சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்து, விரலால் மூலைகளைத் தட்டி எங்கே ஆடுகிறது என்று பார்த்தார். ஃபீலர் கேஜை விட்டு இடைவெளியை அளந்தார். பிறகு தினசரித் தாளைச் சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்து, தூக்கியிருக்கும் இடத்துக்கு அடியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கினார். கீயை முழுதாகத் திருப்பவில்லை, கால்வாசிதான். ஜாப் நகராமல் இருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. மைக்ரான் கணக்கில் மேலாக ஒரு கட், திருப்பிப் போட்டு மறுபக்கம் ஒரு கட், காகிதம் கொஞ்சம் குறைவு, மறுபடி ஒரு கட். சாயங்காலம் அந்தத் தட்டு சக்கில் இருந்தபோதும் மட்டமாக இருந்தது, எடுத்த பிறகும் மட்டமாக இருந்தது.

காந்தத் தொழில் முழுவதையும் அதன் பிறகு இந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன். இழுக்கும் சக்தி இயற்கையே கொடுப்பது. எப்போது இழுக்க வேண்டும், எவ்வளவு இழுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதைத்தான் மனிதன் கண்டுபிடித்தான். அங்கேதான் மூளையும் உழைப்பும் போயிருக்கின்றன.

சக்கிலிருந்து எடுத்த ஜாப்பில் கொஞ்சம் காந்தம் தங்கிவிடும். அப்படியே அதை டையில் மாட்டினால் ஷீட் வெட்டும்போது தூளெல்லாம் பஞ்ச் முனையில் ஒட்டிக்கொள்ளும். அதனால் டீமேக்னடைசர் என்று ஒரு பெட்டி இருந்தது. ஏசி கரன்டில் இயங்கும் சுருள். ஜாப்பை அதன்மேல் காட்டி மெல்ல, மெல்ல விலக்கி எடுக்க வேண்டும். வடக்கும் தெற்கும் நொடிக்கு நூறு முறை இடம் மாறிக்கொண்டே வலுக் குறைந்து போவதால் இரும்பு தன் திசையை மறந்துவிடும். வெடுக்கென்று எடுத்தால் மறக்காது. அங்கேயும் பொறுமையாக விடுவதுதான் வேலை.

எங்கள் டூல்ரூமில் அதிகம் செய்தது மோட்டார் ஸ்டாம்பிங் டைகள். கோவை பம்ப்செட் மோட்டாருக்குள் நிரந்தரக் காந்தம் கிடையாது. அரை மில்லிமீட்டர் தகடுகளை நூற்றுக்கணக்கில் அடுக்கி, அதில் செம்புக் கம்பியைச் சுற்றி, கரன்ட் விட்டால் அந்த அடுக்கே காந்தமாகிறது. அந்தத் தகட்டுக்குச் சிலிகான் கலந்த எஃகு வேண்டும். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் ராபர்ட் ஹாட்ஃபீல்டும் அவருடன் உழைத்தவர்களும் கண்டது அது. சாதாரண இரும்பு, காந்தமாகி மீளும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சூடாகிக் கரன்டைத் தின்னும். சிலிகான் எஃகு சுலபமாகக் காந்தமாகும், சுலபமாக விட்டுவிடும். ஊருக்கெல்லாம் கரன்ட் கொண்டுவரும் டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருப்பதும் அந்தக் குடும்பத்து எஃகுதான். காந்தம் என்றதும் எல்லோரும் பிடித்ததை விடாத காந்தத்தையே நினைக்கிறார்கள். உடனே விட்டுவிடும் இந்த இரும்பு இல்லாவிட்டால் மின்சார யுகமே இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன்.

என் பெரியப்பா மகன் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் புளோரூமில் இருந்தார். பஞ்சு பேல் உடைத்து, உதறி, சுத்தம் செய்கிற முதல் இடம் அது. பேலைச் சுற்றியிருக்கும் கம்பியின் துண்டு, ஆணி, ஜின்னிங் ஆலையில் விழுந்த நட் என்று ஏதாவது பஞ்சோடு வந்துவிடும். வேகமாகச் சுற்றும் பீட்டரில் அது மோதினால் ஒரு பொறி. பஞ்சுக்கு ஒரு பொறி போதும். குழாய் வழியாகக் காற்றில் பறக்கும் பஞ்சு அந்த நெருப்பையும் அடுத்த மெஷினுக்கு இழுத்துக்கொண்டு போகும். அதனால் பஞ்சு போகும் பாதையில் காந்தங்களை வைத்திருப்பார்கள். ஒருமுறை அண்ணன் என்னை அழைத்துப் போய் அந்தக் காந்தப் பெட்டியைத் திறந்து காட்டினார். கம்பித் துண்டு, குண்டூசி, பிளேடு, பாதி உடைந்த ஒரு சாவி. "இதெல்லாம் உள்ள போயிருந்தா என்ன ஆகும்னு நெனச்சுப் பாரு கண்ணு" என்றார். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் அதைத் துடைத்தெடுப்பது அவர் வேலை. துடைக்காமல் விட்டால் ஒட்டிய இரும்பே காந்தத்தை மூடிக்கொள்ளும். அடுத்து வரும் ஆணியைப் பிடிக்க வலு இருக்காது, பஞ்சின் வேகத்தில் பழைய துண்டே திரும்ப உதிர்ந்து உள்ளேயும் போய்விடும். பிடித்ததை எடுத்துப் போட ஆள் வேண்டும். பெரிய மில்களில் தீப்பொறியைக் கண்டுபிடிக்கும் மின்னணுக் கருவிகள் எல்லாம் பின்னால் வந்தன. காந்தம் இன்னும் அங்கேயே இருக்கிறது.

காங்கேயத்து அரிசி ஆலைகளிலும் இதே கதைதான். நெல்லோடு வரும் இரும்பு, உமி நீக்கும் ரப்பர் ரோலரைக் கிழித்துவிடும் என்பதால் அதற்கு முன்னாலேயே காந்தம் இருக்கும். நீலகிரித் தேயிலை ஆலைகளில் வேறு விஷயம். சி.டி.சி. ரோலரின் எஃகுப் பற்களே இலையை நறுக்கி நறுக்கித் தேய்கின்றன. அந்தத் துகள் தூளோடு கலக்கிறது. இரும்புத் துகள் இவ்வளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்புத் துறை வரம்பு வைத்திருக்கிறது. நாம் காலையில் குடிக்கும் டீக்கு முன்னால் சில காந்தங்கள் வேலை செய்து முடித்திருக்கின்றன.

பழைய இரும்பு யார்டில் கிரேனின் முனையில் தொங்கும் வட்டமான காந்தத்தைப் பார்த்திருப்பீர்கள். அது மின்காந்தம். கரன்ட் விட்டால் ஒரு லாரிப் பாகத்தையே தூக்கும், நிறுத்தினால் கொட்டும். நிறுத்தாமலே கரன்ட் போய்விட்டால் என்ன செய்வது? அதற்காகத்தான் பேட்டரி வைக்கிறார்கள். டூல்ரூமில் நாங்கள் பயன்படுத்திய தூக்கும் காந்தம் கைப்பிடி வைத்தது, நிரந்தரக் காந்தம். கரன்ட் போனாலும் விடாது. ஆனால் ஜாப்பின் மேல் பெயின்டோ துருவோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் அந்த மெல்லிய இடைவெளியே பாதி வலுவைத் தின்றுவிடும். எனவே தொங்கும் சுமைக்குக் கீழே யாரும் போகக்கூடாது. எத்தனை நல்ல காந்தமானாலும் இந்த விதிக்கு விலக்கு கிடையாது.

2000-ஐ ஒட்டி என் அக்கா மகன் கெட்டுப்போன ஒரு கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். பிரித்தால், உள்ளே பிறை வடிவில் பளபளவென்று இரண்டு காந்தங்கள். கட்டைவிரல் நீளம்கூட இல்லை. வைஸின் பக்கத்தில் கொண்டுபோனேன். கையிலிருந்து பாய்ந்து ஒட்டிக்கொண்டது. நேராக இழுத்து எடுக்க முடியவில்லை, பக்கவாட்டில் நகர்த்தி நகர்த்தித்தான் எடுத்தேன். என்னிடம் ஒரு பழைய அல்னிகோ லாடக் காந்தம் இருந்தது, உள்ளங்கை அகலம். அதைவிட இந்தத் துண்டு பல மடங்கு வலுவாக இழுத்தது. அதுதான் நான் முதன்முதலில் தொட்ட நியோடைமியம் காந்தம்.

அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1930-களில் ஜப்பானில் மிஷிமா கண்ட எஃகிலிருந்து அல்னிகோ வந்தது. 1950-களில் மலிவான ஃபெரைட் பரவியது. ஸ்பீக்கரின் பின்னால் இருக்கும் கறுப்பு வளையம் அதுதான். 1966-ல் அமெரிக்க விமானப்படை ஆய்வகத்தில் கார்ல் ஸ்ட்ர்னாட், ரேர் எர்த் எனப்படும் அருமண் உலோகமும் கோபால்ட்டும் சேர்ந்தால் எவ்வளவு வலுவான காந்தம் கிடைக்கும் என்று காட்டினார். கோபால்ட் விலை அதிகம்; 1978-ல் அப்போது ஜயர் எனப்பட்ட காங்கோவில் நடந்த கலவரத்தில் வரத்தும் தடுமாறியது. கோபால்ட் இல்லாமல் இரும்பை வைத்தே செய்ய முடியாதா என்று ஜப்பானில் மசாடோ சகாவா தேடிக்கொண்டிருந்தார். இரும்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கியிருப்பதுதான் தடை என்று ஒரு கருத்தரங்கில் கேட்டவர், போரான் போன்ற சிறிய அணுவை இடையில் நுழைத்து விலக்கலாமே என்று யோசித்தார். புஜிட்சுவை விட்டு சுமிட்டோமோவில் சேர்ந்த 1982-லேயே நியோடைமியம், இரும்பு, போரான் சேர்ந்த காந்தத்தைச் செய்து காட்டினார். அதே சமயத்தில் ஜெனரல் மோட்டார்ஸில் ஜான் குரோட் வேறு வழியில் அதே பொருளை அடைந்தார். சகாவா எனக்கு மிகவும் பிடித்த மனிதர். விலை உயர்ந்த பொருளுக்குப் பதில் ஊரெல்லாம் கிடைக்கும் இரும்பைக் கொண்டு செய்ய நினைத்தார் பாருங்கள், அந்த நினைப்புக்காக.

காந்தம் செய்யும் முறை, எஃகுத் தொழிலில் இருந்த எனக்கே வியப்பாக இருந்தது. உருக்கிய கலவையை மெல்லிய சில்லாக உறைய வைத்து, ஹைட்ரஜன் ஏற்றி நொறுக்கி, சில மைக்ரான் அளவுக்குத் தூளாக்குகிறார்கள். அந்தத் தூள் காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும். வலுவான புலத்துக்குள் வைத்து அழுத்தும்போது ஒவ்வொரு துகளும் ஒரே திசையைப் பார்த்துத் திரும்புகிறது. ஆயிரம் டிகிரிக்கு மேல் சூட்டில் இறுக்கி, அறுத்து, கிரைண்டிங் செய்து, துருப்பிடிக்காமல் நிக்கல் பூசுகிறார்கள். அதுவரை அது சாதாரணத் துண்டு, எதையும் இழுக்காது. எல்லாம் முடிந்த பிறகு கடைசியில், கண நேர மின்பாய்ச்சலில்தான் காந்தமாக்குகிறார்கள். முன்னாலேயே காந்தமாக்கினால் அதை அறுக்கவோ தேய்க்கவோ, ஒன்றோடொன்று ஒட்டாமல் கையாளவோ முடியாது.

இந்தக் காந்தத்துக்கு ஒரு பலவீனம், சூடு. ஏறத்தாழ 310 டிகிரி செல்சியஸில் காந்தத்தன்மை முழுதும் போய்விடும். அதற்கு வெகு முன்னாலேயே வலுக் குறையத் தொடங்கும். மின்சார ஸ்கூட்டர், கார் மோட்டாருக்குள் சூடு ஏறும் என்பதால் கொஞ்சம் டிஸ்ப்ரோசியமோ டெர்பியமோ சேர்க்கிறார்கள். உலகம் மாட்டிக்கொண்டிருப்பது இங்கேதான், அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தக் காந்தம் வைத்த மோட்டாரிலும், பிடிக்கவும் விடவும் என்ற அதே விதிதான். ரோட்டரில் விடாத காந்தம். ஸ்டேட்டரில் உடனுக்குடன் விட்டுவிடும் சிலிகான் எஃகு. எந்தச் சுருள் எப்போது இழுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று ஒரு சின்னச் சர்க்யூட் சொல்லிக்கொண்டிருக்கிறது. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுத்த இடத்தில் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் சொச்சத்தில் சுற்றுவது அதனால்தான். முப்பந்தலில் நிற்கும் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். கியர்பாக்ஸ் இல்லாமல் நேரடியாகச் சுற்றும் வகைக் காற்றாலைகள் சிலவற்றில் ஒரு மெகாவாட்டுக்கே நூற்றுக்கணக்கான கிலோ நிரந்தரக் காந்தம் தேவைப்படும்.

விடவே விடாத ஒரு காந்தத்தையும் பார்த்தேன். என் மனைவிக்கு முதுகுவலிக்காக எம்.ஆர்.ஐ. எடுக்கப் போயிருந்தோம். டெக்னீஷியன் பெண் ஹேர்பின், ஊக்கு, செல்போன், ஏ.டி.எம். கார்டு எல்லாவற்றையும் வாங்கி வைத்தார். இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா, உடம்பில் பிளேட், ஸ்குரூ உண்டா என்று மறுபடி மறுபடி கேட்டார். "ஸ்கேன் ஓடாதப்ப காந்தம் ஆஃப்ல இருக்குமாம்மா?" என்று கேட்டேன். "இல்லீங்கய்யா, ராத்திரி பகல் எப்பவும் ஆன்தான்" என்றார். நியோபியம்-டைட்டானியம் கம்பிச் சுருளை மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்தில் வைத்திருப்பதால் ஒருமுறை விட்ட கரன்ட் தடையே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப் போல் பல்லாயிரம் மடங்கு. 2018 ஜனவரியில் மும்பையில், ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போன ஓர் இளைஞர் இறந்தார். சக்கில் கீ என் கையில் இருந்தது. இங்கே வாசலில் நிற்கும் அந்தப் பெண்ணின் எச்சரிக்கைதான் கீ. அவர் கேட்பதற்கெல்லாம் சலிக்காமல் பதில் சொல்லுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக்கு ஒரு நண்பர் வீட்டுக்குப் போனேன். கடற்கரையில் அலை விட்டுப் போன இடத்தில் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள். ஹார்டு டிஸ்க் காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். காட்டியதும் கருமணல் துணியைச் சுற்றிப் படர்ந்தது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் மோனசைட் என்ற கனிமத்தைத் தேடி வந்தார். அன்று ஜெர்மானியர்களுக்கு வேண்டியது காஸ் விளக்கின் மேன்டிலுக்கான தோரியம். 1950-ல் இந்திய அருமண் நிறுவனம் தொடங்கியது. மணலைப் பிரிப்பதற்கும் காந்தம்தான் என்று நண்பர் விளக்கினார். இல்மனைட்டைக் காந்தம் எளிதில் இழுக்கும். மோனசைட்டை மிக வலுவான காந்தம்தான் இழுக்கும். ஸிர்க்கானை இழுக்கவே இழுக்காது. காந்தத்துக்கு வேண்டிய நியோடைமியம் இருக்கும் மோனசைட் மணியைக் காந்தமே பொறுக்கி எடுக்கிறது.

அதே மணியில் தோரியமும் இருக்கிறது, கதிரியக்கமும் இருக்கிறது. மணல் எடுப்பதைக் கண்டு அந்தக் கரை மக்கள் அஞ்சுவதை நான் நேரில் கேட்டேன். அவர்கள் பயத்தை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அளந்து காட்டவும், காட்டிய பிறகு அவர்கள் சம்மதம் கேட்கவும் அரசுக்குக் கடமை இருக்கிறது.

2025 ஏப்ரலில் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உட்பட ஏழு அருமண்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் சீனா ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்றது. சில வாரங்களில் நம் நாட்டு வாகனத் தொழிற்சாலைகள் கையிருப்பை எண்ணத் தொடங்கின. மணல் நம்மிடம் இருந்தது. மோட்டார் வாங்க ஆளும் இருந்தார்கள். உலோகமாக்கி, கலவையாக்கி, காந்தமாக்கும் நடுவேலைதான் நம்மிடம் பெரிய அளவில் இல்லை. விசாகப்பட்டினத்தில் ஆண்டுக்கு 3,000 கிலோ சமேரியம்-கோபால்ட் காந்தம் செய்யும் அளவுக்கு ஓர் ஆலை இருக்கிறது. 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை 7,280 கோடி ரூபாயில், ஆண்டுக்கு 6,000 டன் அருமண் காந்தம் செய்யும் திறனுக்கான திட்டத்தை ஏற்றது. தாமதம்தான், ஆனாலும் வரவேற்கிறேன். பணத்தோடு கைப்பழக்கமும் வேண்டும். தூளைக் காற்றுப் படாமல் கையாளவும், மைக்ரான் கணக்கில் தேய்க்கவும் தெரிய வேண்டும். தேய்க்கத் தெரிந்த ஆட்கள் கோவை, ஓசூர் டூல்ரூம்களில் இருக்கிறார்கள். இல்லாததை அவர்கள் கற்றுக்கொள்வார்கள். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் ஆசிரியர்கள் சட்டக் காந்தத்தோடு பாடத்தை முடித்துவிடாமல் ஒரு பழைய சக்கையும் ஒரு ஸ்கூட்டர் மோட்டாரையும் பிரித்துப் போட்டுக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாசிப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். கெட்டுப்போன ஹார்டு டிஸ்க்கையும் மின்சார ஸ்கூட்டரின் மோட்டாரையும் பழைய இரும்போடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மின்கழிவு மறுசுழற்சி செய்கிறவர்களிடம் தனியாகக் கொடுங்கள். அந்தக் காந்தத்தின் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் அருமண் உலோகம். பழைய இரும்போடு உலைக்குப் போனால் அது கசடோடு கசடாகப் போய்விடும். பிறகு அதைத் திருப்பி எடுப்பது மிகக் கடினம்.